பக்கத்து நாற்காலி

"மேலதிகாரி சொன்னால் கீழே இருப்பவன் என்ன செய்வான்?" சாத்தான்குளத்தைப் பற்றிப் பேச்செழும்போது நம் பங்குகளில் நல்ல மனிதர்களே இப்படிக் கேட்கிறார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன்.

மாட்டுத்தாவணிக்கு அருகே மேலூர்ச் சாலையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து எடுத்த வழக்கு அது. 2020 ஜூன் 19 அன்று பிடித்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஜூன் 22, 23 தேதிகளில் உயிரிழந்தனர். இடையில் அவர்களை யாரும் காணாமல் இல்லை. மருத்துவச் சான்று கிடைத்தது. நீதிமன்றக் காவலுக்கு ஆணை கிடைத்தது. சிறைக் கதவும் திறந்தது. முன்னவர் கையொப்பமே பின்னவருக்குத் துணிவாயிற்றோ?

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடத்தினார். அடுத்த அறையிலிருப்பவர் தவறாக விடை சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி கட்டளை. அதிர்ச்சி பொய், கொடுத்தவர்கள் அதை அறியார். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்ற கடைசி விசைவரை அழுத்தினர். பின்னர் பக்கத்து நாற்காலிகளில் இருவரை அமர்த்தி, நடுவழியில் அவர்களை மறுத்தெழச் செய்தார். இப்போது கடைசிவரை சென்றோர் 40 பேரில் நால்வர் மட்டுமே! கட்டளையிட்டவரும் கட்டளையும் மாறவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மாறினார்கள். ஆகவே, 'நான் கட்டளையிடவுமில்லை, அடிக்கவுமில்லை' என்று ஒதுங்கி நிற்பவரும் ஒரு நாற்காலியை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தக் காவல் நிலையத்திலேயே பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி, கண்டதைச் சொன்னார். கையொப்பமிட அஞ்சினார், அஞ்சாமல் எப்படி இருப்பார்? விசாரிக்க வந்த நடுவர் அருகிலிருந்து தைரியமளித்தார். உயர் நீதிமன்றம் பாதுகாப்புக்கு வழிசெய்தது. அவருக்கும் துணை வேண்டியிருந்தது.

அதிகாரத்திற்குப் பணிய உரோமையர் 13-ஐ எடுத்துக்காட்டும் நாம், விடுதலைப் பயணத்தின் முதல் அதிகாரத்தை ஏன் புரட்டுவதில்லை? பார்வோனின் கொலைக் கட்டளையை மீறிய மருத்துவச்சிகளும் இருவர்: சிப்ரா, பூவா. இன அழிப்புக் கட்டளைகளுக்குக் கண்மூடிப் பணிந்தோருக்கு அப்பணிவு சாக்காகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

காவல் நிலையம் நமக்குத் தொலைவு என்றே வைத்துக்கொள்வோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எதற்கு என்று பங்குப் பேரவையில் ஓர் இளைஞன் எழுந்து கேட்டான். தலைமை வகித்தவர் "உட்கார்" என்றார். நாங்கள் இருபது பேர் தரையைப் பார்த்தோம். அவன் உட்கார்ந்தான். கூட்டம் கலைந்தபின் வாசலில் அவன் தோளைத் தட்டி, "சரியாத்தான் கேட்ட தம்பி" என்றோம்.