இரும்பைமாகாளம் எத்தனையாவது?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்து இரும்பையில் இருக்கும் மாகாளேசுவரர் கோயில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகத்தைப் பண்முறையில் தேடுகிறவருக்கு அது இரண்டாம் திருமுறையின் 117-ஆம் பதிகம். தலவரிசையில் தேடுகிறவருக்கோ அதே இரும்பைமாகாளம் தொண்டை நாட்டுத் தலங்கள் முப்பத்திரண்டில் கடைசி. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுக்கிய முறை மாறியதால் எண் மாறியது. ‘இரும்பைமாகாளம்’ என்ற பெயர் மட்டும் இரண்டு வரிசையிலும் அப்படியே நிற்கிறது. எண் என்பது ஒன்றின் பெயர் அல்ல, வரிசையில் அது நிற்கும் இடம். ஏடு தொகுத்தவர்கள் அறிந்திருந்த இந்த வேறுபாட்டை, கணினியில் அறிக்கை தயாரிக்கும் நாம் மறந்துவிடுகிறோம். ‘படம் 1’, ‘அட்டவணை 2’ என்று ஒவ்வொரு தலைப்புக்கும் எண்ணைக் கையால் தட்டுகிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இது தட்டச்சு அறைக்குள் முடிந்துபோகும் சங்கதி அல்ல. மரக்காணம் உப்பளங்களும் கழுவெளி ஏரியும் வானூர்ப் பகுதியின் நிலத்தடி நீரும் சேர்ந்த இந்தக் கரையில், ஒரு பெரிய திட்டம் வருமா வராதா என்பது பல நேரம் ஓர் அறிக்கையை வைத்துத்தான் பேசப்படும். 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கருத்துக்கேட்புக்கு முன்பு அறிக்கையின் சுருக்கத்தை மக்களின் மொழியிலும் தரச் சொல்கிறது. அப்படியோர் அறிக்கையில் கிணற்று நீரின் உப்புத்தன்மை மூன்றாம் அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி நேரத்தில் மழையளவு அட்டவணை ஒன்று நடுவில் செருகப்படுகிறது. தட்டச்சர் தலைப்புகளைத் திருத்திவிடுகிறார், உப்புத்தன்மை நான்காவதாகிறது. ஆனால் பதினைந்து பக்கம் தள்ளி, ஒரு பத்தியின் நடுவில், ‘அட்டவணை 3-இல் காண்க’ என்ற சொற்றொடர் பழையபடியே கிடக்கிறது. அதை நம்பிப் புரட்டும் உப்பளத் தொழிலாளிக்கு அங்கே கிடைப்பது வேறேதோ கணக்கு. ஒலிபெருக்கி முன்னால் நிற்கும் அவரால் ‘நீங்கள் சொல்வது உங்கள் அட்டவணையிலேயே இல்லையே’ என்று கேட்கவும் முடியாது. தான்தான் தவறாகப் படித்துவிட்டோம் என்றே நினைப்பார். ஆங்கில அறிக்கையைச் சுருக்கித் தமிழில் தரும்போது அட்டவணைகள் குறைவதால், இந்தக் குழப்பம் இன்னும் எளிதாக நேரும்.

மாற்று வழி புதியதும் அல்ல, விலை கொடுத்து வாங்க வேண்டியதும் அல்ல. 1980-களில் வந்த லேடெக் என்ற ஆவண மென்பொருள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயரை வைத்துக்கொள்ளச் சொல்லி, எண்ணைத் தானே போட்டுத் தந்தது. வேர்டில் ‘இன்சர்ட் கேப்ஷன்’ அதே வேலையைச் செய்கிறது. ‘நியூ லேபிள்’ போய் ‘படம்’ என்று தமிழிலேயே ஒருமுறை எழுதிவைத்தால் போதும். வாசகத்துக்குள் எண் வரவேண்டிய இடத்தில் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ செருக வேண்டும். இடையில் எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும், கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் தலைப்பும் சுட்டும் சேர்ந்தே மாறும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலும் இந்த வசதி உண்டு.

நான்கு பக்கக் கடிதத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். சரிதான், அதற்கு வேண்டாம். ‘நான்காம் அட்டவணை’ என்று எழுத்தால் எழுதுவதே நல்ல தமிழ், இயந்திரம் அதைத் தராது என்பதும் ஒரு கட்சி. கட்டுரைக்கு அது அழகுதான். முப்பது அட்டவணை உள்ள அறிக்கையில் ‘அட்டவணை 4-இல்’, ‘அட்டவணை 4-ஐ’ என்று கோடிட்டு உருபு சேர்க்கும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. எண் எதுவாக மாறினாலும் உருபு அதோடு ஒட்டிக்கொள்ளும். வலுவான எதிர்ப்பு வேறொன்று: சுட்டப்பட்ட அட்டவணையை யாராவது நீக்கிவிட்டால், அச்சுக்குப் போகும் நேரத்தில் பக்கத்தின் நடுவே ‘பிழை’ என்று தடித்த ஆங்கில எழுத்தில் வந்து மானத்தை வாங்குகிறது. வரட்டுமே. பக்கத்தில் கொட்டை எழுத்தில் தெரியும் பிழையைத் திருத்திவிடலாம். கையால் தட்டிய தவறான எண்ணோ சரியான எண்ணைப் போலவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கருத்துக்கேட்பு முடிந்து, கோப்பு சென்னைக்குப் போன பிறகும் அப்படியே இருக்கும். நேரமில்லை என்பதையும் ஏற்பதற்கில்லை. எண்பது பக்கத்தில் சுட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தும் மாலைப்பொழுதைவிட, தொடக்கத்தில் செலவாகும் பத்து நிமிடம் மலிவு.

அரசுத் தட்டச்சர்களுக்குத் தேவைப்படும் சி.ஓ.ஏ. என்ற கணினிச் சான்றிதழ்த் தேர்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஆறு அட்டவணை கொண்ட தமிழ் அறிக்கை ஒன்றைத் தந்து, மூன்றாவதற்கு முன்னால் புதிதாக ஒன்றைச் செருகி, எல்லாச் சுட்டும் சரியாக இருக்கும்படி ஒப்படைக்கச் சொல்லும் கேள்வி அந்தத் தேர்வில் தவறாமல் வர வேண்டும்.