எண்பது போதும், எழுந்து இடம் கொடுப்போம்!

நான் எழுதப்போவது ரயிலில் லேப்டாப்புக்கு சார்ஜ் போடுவது பற்றி. "நம்மகிட்ட லேப்டாப்பே இல்ல, இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். இன்னைக்கு அக்கா கையில் இருப்பது நாளைக்கு நம் கைக்கும் வரும். வீட்டில் செல்போன் இருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். அதனால் கடைசி வரை படியுங்கள்.

பொங்கல் லீவு முடிந்து என் அக்காவைக் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் விட அப்பாவும் நானும் போனோம். ராத்திரி ரயில், ஸ்லீப்பர் பெட்டி. அன்று இரவு 12 மணிக்குள் அக்கா ஒரு புராஜெக்டை மெயிலில் அனுப்ப வேண்டும். இன்னும் நாலு பக்கம் பாக்கி. கிளம்புகிற நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. லேப்டாப்பில் 12 சதவீதம்தான் இருந்தது. "ரயில்ல போட்டுக்கலாம்" என்று அக்கா தைரியமாகச் சொன்னாள்.

ரயிலில் ஏறிப் பார்த்தால் எங்கள் பக்கம் இருந்த இரண்டு பிளக்கிலும் ஆள்! ஒன்றில் யாருடைய பவர் பேங்கோ தொங்கியது, கேட்க ஆள் இல்லை. இன்னொன்றில் ஒரு அங்கிள் போன் போட்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் 84 சதவீதம். அப்பா தயங்கித் தயங்கி, "சார், பொண்ணுக்கு ஒரு அவசர வேலை..." என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "நூறு ஆகட்டும் சார், எடுத்துடறேன். தனக்கு மிஞ்சித்தானே தானம்!" என்றார். அக்கா முகம் வாடிப்போச்சு. அவர் எடுத்தபோது மணி 10.40.

அக்கா ஒரு நல்ல காரியம் செய்தாள். லேப்டாப்பை முழுசாக ஷட்டவுன் செய்துவிட்டு சார்ஜ் போட்டாள். நான் "வேலையை முடிக்காம ஏன் மூடுற?" என்று கத்தினேன். "ஓடிக்கிட்டே இருந்தா அதுவே பாதி கரண்டைத் தின்னுடும், மூடி வச்சா எல்லாம் பேட்டரிக்குத்தான் போகும்" என்றாள்.

சரியாக 11 மணிக்கு பிளக்கில் கரண்ட் நின்றுவிட்டது. தீ விபத்து நடக்காமல் இருக்க, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ரயிலில் சார்ஜ் பாயின்டுக்கு கரண்ட் தருவதில்லை என்று 2021-லேயே ரயில்வேயில் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல விதிதான். எங்களுக்குத்தான் தெரியவில்லை. கிடைத்த இருபது நிமிடத்தில் ஏறியதை வைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, அக்கா வேகவேகமாக டைப் செய்தாள். 11.50-க்கு அப்பா போனில் இருந்து நெட் எடுத்து அனுப்பிவிட்டாள். ஆனால் கடைசிப் பக்கத்தில் படம் வைக்க நேரம் இல்லை. அதற்கு மார்க் போச்சு.

ஊருக்கு வந்ததும் நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். காலியான டவுன் பஸ்ஸில் ஆட்கள் மளமளவென்று ஏறிவிடுவார்கள். பஸ் நிறைந்த பிறகு கடைசி நாலு பேர் படியில் நெருக்கியடித்து ஏறத்தான் நேரமாகும். லித்தியம் அயனி பேட்டரியும் அப்படித்தான். ஏறக்குறைய 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். அதற்கு மேல் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வாங்கும். எப்போதும் நூறிலேயே வைத்திருந்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்த அங்கிள் 84-லிருந்து 100-க்குப் போக முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அவருக்குக் கிடைத்தது 16 சதவீதம். அதே முக்கால் மணி அக்காவுக்குக் கிடைத்திருந்தால் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பது சரி. ஆனால் எண்பதுக்கு மேலே எல்லாம் மிஞ்சினதுதானே?

அதனால் என் கருத்து இதுதான். பொது இடத்தில் 80 வந்ததும் எடுத்துவிட்டு, "யாருக்காவது வேணுமா?" என்று நாமே கேட்க வேண்டும். கேட்கிறவர் கூச்சப்பட்டு நிற்கக் கூடாது.

பயணம் போகிறவர்களும் சிலவற்றைச் செய்யலாம். முதல் நாளே சார்ஜ் போட்டு வையுங்கள். லேப்டாப்பின் சொந்த அடாப்டரை மறக்காதீர்கள். அக்காவின் அடாப்டரில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று இருக்கிறது. பெருக்கினால் ஏறக்குறைய 65 வாட். சாதாரண போன் சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட்தான். அது எப்படி லேப்டாப்புக்குக் காணும்? சார்ஜ் ஏறும்போது போர்வைக்குள்ளோ தலையணை மேலோ வைக்காதீர்கள், சூடாகிவிடும். சூடானால் சார்ஜ் ஏறுவதும் மெதுவாகும், ஆபத்தும் கூட.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது பகல் ரயில். அப்பா போனை பிளக்கில் போட்டு நான் கேம் விளையாடிக்கொண்டிருந்தேன், 91 சதவீதம். கைக்குழந்தையோடு ஒரு அக்கா வந்து, "பாப்பா, கொஞ்சம் எடுத்துக்கிறியா? வீட்டுக்குப் போன் பண்ணணும், ஆஃப் ஆயிடுச்சு" என்றார்கள். எனக்கும் உடனே மனசு வரவில்லை! ஒரு லெவல் பாக்கி இருந்தது. அப்புறம் அக்காவின் வாடிய முகம் ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். அந்த அங்கிளைத் திட்டினேனே, நானும் அவரும் ஒன்றுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அங்கிள் மாறுவாரா, தெரியாது. நாம் மாறலாமே!

எண்பது போதும், எழுந்து இடம் கொடுப்போம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி