தோம்பு கம்பெனியுடையது, குழாய் யாருடையது?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சுபாங் ஜெயா, புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதன்பிறகு தாமான்களில் நிலத்துக்கு அடியில் ஓடும் குழாயைப் பற்றிய பேச்சு அதிகமானது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், நம்மில் பெரும்பாலோர் தினமும் தொட்டுப் புழங்கும் குழாய் வேறு. அது தோம்புக்கும் அடுப்புக்கும் நடுவே தொங்கும் ரப்பர் குழாய். கிறிஸ்துமஸ் நெருங்கும் இவ்வேளையில் நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

தீபகற்ப மலேசியாவில் 14 கிலோ கேஸ் தோம்பை அரசாங்க உதவித்தொகையுடன் 26 வெள்ளி 60 சென் விலையில் வாங்குகிறோம். அந்தத் தோம்பு எரிவாயு நிறுவனத்தின் சொத்து. காலியானதும் திரும்பிப் போகிறது. நிறுவனம் மீண்டும் நிரப்பி அனுப்புகிறது. ஆனால், ரெகுலேட்டரும் குழாயும் நம்முடையவை. வாங்கி மாட்டிய நாளிலிருந்து அவற்றை யாரும் வந்து சோதிப்பதில்லை. குழாயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. இதை எழுதும் முன் எங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்தேன். அதை எந்த ஆண்டு வாங்கினோம் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. பல வீடுகளின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன்.

சாதாரண நாளில் இந்தக் குறை வெளியே தெரியாது. ஐந்து பேருக்குச் சமைக்கும் சமையலறையில், திறந்த இல்ல உபசரிப்பு அன்று ஐம்பது பேருக்குப் பிரியாணி வேகும்போதுதான் தெரியும். பெரிய அண்டாவுக்காகப் பெரிய அடுப்பை இரவல் வாங்குகிறோம். அதற்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும். அதை வீட்டில் இருக்கும் பழைய குழாயோடு இணைத்துவிடுவதில்தான் ஆபத்து. வீட்டு அடுப்புக்கான குழாய் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல, இணைப்பிலிருந்து கழன்றுவிடலாம். அடுப்பை இரவல் வாங்கினால் அதற்குரிய ரெகுலேட்டரையும் குழாயையும் சேர்த்தே வாங்குங்கள். சமையலை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படரும். அதனால் மேல் சன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவுகளைத் திறக்க வேண்டும். நாற்றம் வந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். விளக்கு, காற்றாடி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். எல்லாரும் வெளியே வந்த பிறகு 999-ஐ அழையுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. கேஸ் தீரப்போகிறது என்று தோம்பைச் சாய்த்துப் படுக்க வைப்பதும் ஆபத்து.

டிசம்பர் மழைக்காலமும் கூட. மழைக்குப் பயந்து கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். முறுக்கு சுடும் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைச் சுற்றிலும் தெறிக்க வைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள்.

மின்சாரத்திலும் இதே கணக்குதான். 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். ஓர் எக்ஸ்டென்ஷனில் கெட்டிலும் கேக் அடுப்பும் சேர்ந்தாலே அந்த எல்லை வந்துவிடும். அலங்கார விளக்கை வேறு பிளக்கில் போடுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படும் முன் மரத்து விளக்கையும் வைக்கோல் பரப்பிய குடில் அருகே ஏற்றிய மெழுகுவர்த்தியையும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். திருட்டுப் பயத்தால் நம் வீடுகளில் சன்னலுக்கு இரும்புக் கம்பி, வாசலுக்குக் கிரில், கிரில்லுக்குப் பூட்டு. பின் கதவருகே கேஸ் தோம்பு. தீ சமையலறையில் தொடங்கினால் பின்வழி போய்விடும். மிஞ்சுவது பூட்டிய முன்வாசல். புகையில் சாவி தேட நேரம் இருக்காது. சாவி எங்கே தொங்குகிறது என்பது பாட்டிக்கும் தெரிய வேண்டும், பேரனுக்கும் தெரிய வேண்டும், அன்றிரவு தங்கும் விருந்தினருக்கும் தெரிய வேண்டும். தோட்டத்து லயன்களில் இது இன்னும் அவசரம். ஒரே கூரையின் கீழ் வீடுகள் ஒட்டியிருக்கின்றன. தீயணைப்பு நிலையமோ பெரும்பாலும் தூரத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவதும் சரியல்ல. வாடகை வீட்டில் பழைய மின்கம்பியை மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர். தோம்பு கொண்டுவந்து மாட்டும் கடைக்காரர், குழாய் வெடித்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லலாம். தேவாலயங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் தீயணைப்பு மீட்புத் துறையினரை அழைத்து ஒரு மாலை செயல்முறை விளக்கம் நடத்தலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதே பாடம் உதவும்.

புதுத் துணிக்கும் கேக்குக்கும் பட்டியல் போடும்போது, அதில் ஒரு வரி சேருங்கள்: கேஸ் குழாய். வாங்கிய தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால், பதில் அங்கேயே இருக்கும்.