மாட்டினா எரியும் சார்!

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாதி வழியிலேயே மேகம் சாலைக்கு இறங்கிவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அந்த வெண்மைக்குள்ளிருந்து திடீரென்று முளைக்கும். அந்த விநாடியில் உங்களையும் எதிரே வருகிறவரையும் காப்பாற்ற பிரேக் மட்டும் போதாது. விளக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

தாத்தா காலத்து ஹெரால்டையோ பீட்டிலையோ புதுப்பித்து மலையேற்றிப் பார்க்க ஆசைப்படும் அன்பர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும் அள்ளிக் கொடுக்கிறீர்கள். விளக்கு என்று வந்ததும், கடைக்காரர் நீட்டுகிற வெள்ளை எல்.இ.டி. பல்பை வாங்கி மாட்டிவிடுகிறீர்கள். ‘‘ஒரிஜினல் எங்க சார் கிடைக்குது? இதை மாட்டினா எரியும் சார்!’’

எரியும். தீப்பந்தம்கூடத்தான் எரியும்!

பழைய ஹெட்லைட் கண்ணாடியில் கோடு கோடாக இருக்கிறதே, அது அலங்காரம் என்றா நினைத்தீர்கள்? பல்புக்குள் இழை எந்த இடத்தில் நிற்கிறது, அதன் ஒளி பின்னாலுள்ள கிண்ணத்தில் எங்கே பட்டுத் திரும்புகிறது, எந்தக் கோடு அதை எந்தப் பக்கம் மடக்குகிறது... எல்லாம் கணக்கு. டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடுகூட உண்டு, ஒளி மேலே போகாமல் தடுக்க. எல்.இ.டி. சில்லு இழை இருந்த இடத்தில் உட்காராவிட்டால் கணக்கு மொத்தமும் காலி. ஒளி கண்டபடி சிதறும். பனிமூட்டத்தில் அது உங்கள் முகத்துக்கே திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். எதிரே வரும் டிரைவருக்கோ சில விநாடிகள் கண்ணே தெரியாது. பக்கத்தில் பள்ளம்.

ஒரிஜினல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒரு குட்டு. ஜெர்மனியிலிருந்து விளக்கு வரவழைத்தேன் என்று பெருமை பேசுவார்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய விளக்குகளில் டிம் வெளிச்சம் சாலையோரப் பக்கம் கொஞ்சம் தூக்கி அடிக்கும். அவர்களுக்கு ஓரம் என்பது வலப்பக்கம். நமக்கு வலப்பக்கத்தில்தானே எதிர்வண்டி வருகிறது! ஜெர்மன்காரனுக்கு அது சரியான ஒரிஜினல். உங்களுக்கு அல்ல. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்காகச் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கிடைக்கவில்லையே என்ற புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிடைக்காமல் போனது யாரால்? ஹெரால்டு எங்கோ செய்த வண்டி அல்ல. 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. அதே கம்பெனி 1985-இல் ரோவரை ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று கொண்டுவந்து, சில வருடங்களில் மூடிக்கொண்டது. 2006-இல் ஆலையைக் கலைத்தபோது மிஞ்சியிருந்த ரோவர் உதிரி பாகங்களை வாங்கியது யார் தெரியுமா? இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ். அவர்கள் ஊரில் 1971-லேயே நின்றுபோன ஹெரால்டுக்கு இன்றும் விளக்கு மூடிகள் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று மார்தட்டும் நாமோ புதுப்பேட்டைக் குவியலில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கம்? 2021-இல் ஒரு விதி போட்டார்கள். 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு ‘விண்டேஜ்’ பதிவு. கட்டணம் 20,000 ரூபாய். வாங்கிக்கொள்ளட்டும். அசல் வடிவம் கேட்கிறவர்கள், அசல் அளவில் ஒரு கண்ணாடி வார்க்க இங்கே யாரையாவது ஊக்குவித்தார்களா?

அதுவரை, இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்துக்கு மேல்விளிம்பே இல்லாமல் சுவர் முழுக்க அப்பினால், அந்த வெள்ளை பல்பைக் கழற்றுங்கள். விளிம்பு வலப்பக்கம் ஏறினால், விளக்கையே கழற்றுங்கள். முந்தல் தாண்டி மலையேறுவதெல்லாம் அப்புறம்.