லாக்கப் அல்ல, ஆஸ்பத்திரி!

இரவு பதினோரு மணி. பெங்களூர் சிவாஜி நகர் பஸ் நிலையத்தில் ஒருவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தருமபுரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், கன்னடம் தெரியாது. சுற்றிலும் ஐம்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். "குடிகாரன்" என்கிறார் ஒருவர். "பிள்ளை பிடிக்கிறவன்" என்கிறார் மற்றொருவர். யாரோ 112க்குப் போன் செய்ய, ஹொய்சளா வண்டி வந்து நிற்கிறது. இறங்கி வரும் போலீஸ்காரர் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த மனிதரின் கதி அமைகிறது.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. 1987ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டம் இத்தகையவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொன்னது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியை மாற்றிவிட்டது. தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல் திரியும் மனநோயாளரையும், நோயினால் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவரையும் போலீசார் தங்கள் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். கூடிய விரைவில், 24 மணி நேரத்துக்கு மேற்படாமல், அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் சேர்ப்பிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. அவர் வீடு வாசலின்றி அலைபவரானால், காணாமற்போனவர் என்று பதிவு செய்து குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் போலீஸ் நிலைய அதிகாரியுடையதே.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், தெருவில் நடப்பது பெரும்பாலும் போலீஸ்காரரின் சுபாவத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திருடனைப் பிடிக்கவும் கூட்டத்தைக் கலைக்கவும் பழகியவர் அவர். உரத்த அதட்டல் திருடனை நிறுத்தும். ஏற்கெனவே காதுக்குள் பல குரல்கள் கேட்டு மிரண்டு நிற்பவருக்கோ, அது இன்னொரு பயங்கரக் குரல்.

செய்ய வேண்டியவை எளியவை. முதலில் கூட்டத்தை விலக்க வேண்டும். சைரனையும் சுழல் விளக்கையும் அணைக்க வேண்டும். ஒருவர் மட்டுமே பேச வேண்டும். சற்று எட்ட நின்று, கைகள் தெரியும்படி, தணிந்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில். "உங்க பேர் என்ன? சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கலாம். அவர் காண்பதாகச் சொல்வதைப் பொய்யென்று வாதாடவும் வேண்டாம்; மெய்யென்று தலையாட்டவும் வேண்டாம். பயமாக இருக்கிறதா என்று கேட்டாலே போதும். பின்னாலிருந்து பாய்ந்து பிடிப்பது கூடாது. குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றுவது மூச்சையே நிறுத்திவிடக் கூடும்.

இங்கேதான் நர்ஸ் தேவைப்படுகிறார். மனநோய் போலத் தோன்றுவதெல்லாம் மனநோய் அல்ல. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்ட சர்க்கரை நோயாளி உளறலாம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கைநடுங்கி, இல்லாததைக் கண்டு அலறலாம். தலையில் அடிபட்டவரும் கடும் காய்ச்சல்காரரும் அப்படியே. இவர்களை ஓர் இரவு மூலையில் உட்கார வைத்தால் விடிவதற்குள் உயிர் போய்விடலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பதும், நாடி பிடிப்பதும், காயத்தைத் தேடுவதும் போலீஸ்காரரின் வேலையல்ல, நர்ஸின் வேலை.

இது வெறும் கனவும் அல்ல. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987இல் மனநோயால் அவதிப்பட்ட ஓர் இளைஞர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அதன்பின் 1988இல் அந்நகரம் தேர்ந்தெடுத்த போலீசாருக்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 2013 முதல் பல இடங்களில் மனநல நர்ஸ் போலீஸ் வண்டியிலேயே உடன் செல்லும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது.

"கையில் கத்தி இருந்தால்?" என்ற கேள்வி நியாயமானதே. நர்ஸைத் தனியே அனுப்பச் சொல்லவில்லை. ஆபத்துள்ள இடத்தில் போலீஸ் முன்னே நிற்கட்டும். ஆனால் மனநோயாளரில் பெரும்பாலோர் யாரையும் தாக்குபவர் அல்லர். தாங்களே பயந்து நடுங்குபவர்கள்.

ஆஸ்பத்திரி வாசலோடு கடமை முடிந்துவிடவில்லை. உள்ளேயும் கட்டிப்போடுவது சுலபமான வழியாகிவிடக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டலாம். அதையும் குறித்து வைக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகி மாண்டதைத் தமிழர்கள் மறக்க முடியுமா?

இனி மொழி. கலங்கிய மனம் முதலில் இழப்பது அரைகுறையாகக் கற்ற மொழியைத்தான். கன்னடத்தில் "கூத்துக்கோ" என்றால் உட்கார் என்று அந்தத் தருமபுரிக்காரருக்குப் புரியாது. உட்காராததையே எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் அடி விழும். அங்கே தமிழில் ஒரு வார்த்தை சொல்ல வேடிக்கை பார்க்கும் நம்மில் ஒருவர் முன்வரலாமே! 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி, 14416, தமிழிலும் பேசுகிறது. நெருக்கடி முற்றுமுன் குடும்பத்தார் அதை நாடலாம்.

பெங்களூருக்கு ஒரு தனி வசதி உண்டு. மனநல நர்ஸுகளுக்குப் பயிற்சி தரும் நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் ஒரே நாளில் மாற்றம் வேண்டுமென்று கேட்கவில்லை. ஒரு வட்டாரத்தில், ஓர் இரவு வண்டியில், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸை ஏற்றி ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். போலீஸ் இலாகாவும் சுகாதார இலாகாவும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் முடியாத காரியமா இது?