டிக்கி திறக்கவில்லையா?

பழைய காரில் சந்தைக்குக் காய்கறி கொண்டுசெல்லும் வாசகர் ஒருவர், ‘சுவிட்ச்சை அழுத்தினாலும் டிக்கி திறப்பதில்லை. மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

அவசரப்பட வேண்டாம். சாவியால் டிக்கியைத் திறந்துவைத்து, ஒருவர் சுவிட்ச்சை அழுத்த, மற்றவர் பூட்டருகே கவனிக்கட்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் மின்சாரம் வருகிறது. பூட்டில் தூசி, துரு சேர்ந்திருக்கலாம். சுத்தம் செய்து கிரீஸ் தடவிப் பார்க்கலாம்.

சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும். கூடுதல் ஆம்பியர் போட்டால் வயர் கருகித் தீப்பிடிக்கக்கூடும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், டிக்கி கீலை ஒட்டிப் போகும் வயரைப் பாருங்கள். பல ஆண்டுகள் திறந்து மூடியதில், உறைக்குள் ஒடிந்திருக்கும்.

கடைசியாக, பூட்டுக்கு வரும் இரண்டு வயர் முனைகளிலும் 12 வோல்ட் பல்பை இணைத்து சுவிட்ச்சை அழுத்துங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தும் பூட்டு மட்டும் அசையவில்லை என்றால்தான் மோட்டாரை மாற்ற வேண்டும்.