லேத் பட்டறை வீராப்பும் அநாதை இன்ஜின்களும்

எங்க விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு வீராப்பு உண்டு. "கம்பெனியை மூடிட்டானா? கவலைய விடுங்கண்ணே, பார்ட்டைக் கொண்டாங்க, சிவகாசியில லேத்துல கடைஞ்சு தந்துருவாங்க." பழைய ஆஃப்செட் மெஷின்களை ஓடவெச்சே பொழைக்கிற ஊர், அதனால பேச்சுல பாதி நியாயம் இருக்கு. ஆனா டீசல் ரயில் இன்ஜின்னு வந்தா, மன்னிக்கணும் மக்களே, அது வெறும் வாய்ச்சவடால்.

புஷ்ஷைக் கடையலாம், போல்ட்டைக் கடையலாம். டீசல் பம்ப், நாசில்? அங்கே இடைவெளியெல்லாம் மைக்ரான் கணக்கு. தேஞ்சுபோன பார்ட்டை அளந்தா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் அளப்பீங்க. என்ன உலோகம், எப்படிப் பதப்படுத்தினது என்பதெல்லாம் ட்ராயிங்கில் இருக்கும். அது கையில் இல்லாம இன்ஜின் வாங்குறது, சோர்ஸ் கோட் இல்லாம சாஃப்ட்வேர் வாங்குற மாதிரி. விற்றவன் கடையை மூடினா நாமளும் மூடணும்.

கதை விடலைங்க. ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி, 1955-56இல் நமக்கு ஒய்டிஎம்-1 என்று 20 மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின்களைக் கொடுத்தது. 1962இல் கம்பெனி திவால். அதே கம்பெனி பிரிட்டனுக்கே செஞ்ச 58 'கிளாஸ் 22' இன்ஜின்களில், சிலதைப் பிரிச்சுத்தான் மத்ததை ஓட்டினாங்க. 1972 பொறந்தப்போ எல்லாமே காயலான் கடைப் பக்கம். இன்னைக்கு ஒண்ணுகூட மிச்சமில்லை. சொந்த ஊர்லயே அந்த கதி!

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. 1962இல் வாரணாசி டீசல் தொழிற்சாலைக்கு அமெரிக்க ஆல்கோ கம்பெனியோட தொழில்நுட்ப ஒப்பந்தம். 1964இல் முதல் இன்ஜின் வெளியே வந்தது. 1969இல் ஆல்கோ ரயில் இன்ஜின் செய்வதையே நிறுத்திட்டான். நாம அழுதோமா? இல்லை. ட்ராயிங் நம்மகிட்ட, பேட்டர்ன் நம்மகிட்ட. பாகம் செய்யவே 1981இல் பாட்டியாலாவில் தனித் தொழிற்சாலை. விருதுநகர்-தென்காசி மீட்டர் கேஜில் ஒய்டிஎம்-4 ஓடினது இந்த ஏற்பாட்டில்தான், எந்த லேத் மகிமையிலயும் இல்லை.

சரி, பழம்பெருமை போதும். இப்பத்தான் வயித்தெரிச்சல். வாரணாசி இப்போ பெரும்பாலும் மின்சார இன்ஜின் பக்கம் போயாச்சு. ஆல்கோ வகை இன்ஜின்கள் வரிசையா ஸ்கிராப். தப்பில்லை, காலம் மாறுது. ஆனா 1996இல் நாம இலங்கைக்கு வித்த எம்-8 இன்ஜின்கள்? மியான்மருக்குப் போன ஒய்டிஎம்-4? அவங்க பாகத்துக்கு எங்கே போவாங்க? ஒரு காலத்துல நார்த் பிரிட்டிஷ் நமக்குப் பண்ணினதை, நாம அடுத்தவனுக்குப் பண்ணப் போறோமா?

நான் கேட்கிறது மியூசியம் இல்லை. பெயிண்ட் அடிச்சு ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தி செல்ஃபி எடுக்கிற பாரம்பரியம் ஏற்கெனவே நிறைய இருக்கு. ஓட்டத்துல இல்லாத வகைகளோட ட்ராயிங், உலோக விவரம், ஷெட்காரங்க எழுதிவெச்ச பழுதுக் குறிப்பு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி யார் வேணாலும் எடுத்துக்கிற மாதிரி போடுங்க. ஒரு இன்ஜினை உருக்கினா இன்னொண்ணு செய்யலாம். ட்ராயிங்கைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டா?

அதைச் செஞ்சுட்டு வாங்க. அப்புறம் நம்ம சிவகாசி லேத்தைப் பத்தி நானும் உங்களோட சேர்ந்து மார்தட்டுறேன் :-)